நாலு எழுத்து

கருவேலந்துறை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியடுக்கும் மூன்றாவது பீரியடுக்கும் நடுவே, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்த நூற்றுப் பதினான்கு பிள்ளைகளின் வாயிலும் அ, ஆ, இ, ஈ என்ற நான்கு எழுத்துகளைத் தவிர மற்ற இருநூற்று நாற்பத்து மூன்று எழுத்துகளும் நின்றுபோயின. அன்றைக்கு உப்பளத்தில் உப்பு வாரும் நாள், தாய் தகப்பன் எல்லாரும் வெயில் ஏறுவதற்கு முன்பே பாத்தியில் இறங்கியிருந்தார்கள், அதனால் ஊர் அதைச் சாயங்காலம்தான் கவனித்தது. கவனித்தபோதும் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. முந்தின வாரம் தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனபோது எழுந்த கூச்சலில் கால்வாசிகூட இதற்கு எழவில்லை.

முதலில் கண்டவள் நாலாம் வகுப்பு பேச்சியம்மாள் டீச்சர். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பத்தொன்பது வருஷம், அந்தப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்தே நடத்தி வருகிறவள், பெயருக்குத் தகுந்த வாய். அவள் வகுப்பில் நின்று 'ஏன்?' என்று கேட்டால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக் கேட்கும், சமயத்தில் அவர்களில் ஒருத்தர் தனக்குத் தெரிந்த பதிலைக் கத்திச் சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். மழை ஏன் உப்புக் கரிக்கவில்லை, நிழல் ஏன் மத்தியானம் குட்டையாகிறது, அண்ணனுக்கு ஒரு முட்டை கூட வைத்தால் அது ஏன் என்று அவள் கேட்டுக்கொண்டே போவாள், பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து பதில் சொல்லும், அந்த இரைச்சலுக்கு நடுவேதான் எழுத்தும் வந்தது, கணக்கும் வந்தது, எப்படி வந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

அந்த இரைச்சலில் தனியாகக் கேட்கிற குரல் ஒன்று உண்டு. உப்பளத்துப் பூரணத்தின் மகள் சந்தனமாரி, பதில் சொல்லச் சொன்னால் திருப்பிக் கேள்வி கேட்கிறவள். "கடல் உப்புன்னா உள்ள கெடக்க மீனு ஏன் டீச்சர் உப்பா இல்ல?" என்று அவள் கேட்ட அன்று பேச்சியம்மாளுக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, கல்லூரியில் வாத்தியாராக இருக்கிற சிநேகிதிக்குப் போன் போட்டு, விளக்கத்தைத் தாளில் எழுதி வந்து சொன்னாள். அந்த வருஷத்திலேயே அவள் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான்.

பூரணம் புருஷனை இழந்தவள். மகளைச் சேர்க்க வந்த அன்று வெடித்த உள்ளங்கைகளைக் கூப்பி, "நாலெழுத்து படிச்சுட்டான்னா போதும் டீச்சர். இந்தக் கை இவளுக்கு வேண்டாம்" என்றாள். "நாலென்ன நாலு, இருநூத்தி நாப்பத்தேழும் படிப்பா, நீ போ" என்று பேச்சியம்மாள் சிரித்தாள். யோசிக்காமல் கொடுத்த வாக்குத்தான். ஆனாலும் வாக்கு வாக்குத்தானே.

இதற்கெல்லாம் பிறகுதான் அளவீடு வந்தது. முதலில் வருஷத்துக்கு ஒரு தேர்வு, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று, கடைசியில் தினமும் ஒன்று என்று அது வளர்ந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை, நான்கு வட்டம், ஒன்றைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும், சாயங்காலம் அத்தனை தாளையும் போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும், ஏறவில்லை என்றால் டவர் கிடைக்கும் இடம் தேடி டீச்சர்மார் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. வகுப்பறையில் ஆசிரியர் வாயால் கேட்கும் கேள்விகளுக்கும் நான்கு விடைகள் தரப்பட வேண்டும் என்றும், ஏன், எப்படி என்று தொடங்கும் கேள்விகள் அளக்க இயலாதவை ஆதலால் அவை தவிர்க்கப்பட வேண்டும் என்றும் அதில் போட்டிருந்தது.

பேச்சியம்மாள் ஒரு வருஷம் மசியவில்லை. பள்ளி சிவப்புப் பட்டியலில் விழுந்தது. அவளுக்கு ஒரு மெமோ வந்தது, அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்ததும், ஏன் இவ்வளவு நீளமாக விளக்கம் எழுதினாள் என்று இன்னொரு மெமோ வந்தது. தலைமையாசிரியர் தனிஸ்லாஸ் சார் நல்ல மனுஷர், ரத்தக்கொதிப்புக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. ஒருநாள் அவர் அவள் வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், பள்ளிக்கூடத்த மூடிருவாங்களாம். மூடினா இந்தப் பிள்ளைய எல்லாம் பாத்திக்குத்தான் போவும். ஒங்க கால்ல வேணா விழுதேன்" என்றார். விழுந்துவிடுவார்போல இருந்தது. அன்றோடு பேச்சியம்மாள் ஏன் என்று கேட்பதை விட்டாள்.

எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள், இதையும் ஒழுங்காகச் செய்தாள். நிரப்பாத வட்டத்துக்கு மார்க் கிடையாது, குத்துமதிப்பாக நிரப்பினால் நாலில் ஒன்றாவது தேறும் என்று கண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நடந்து ஒரே பாடத்தைச் சொன்னாள். "தெரியலன்னாலும் ஒண்ணக் கறுத்துருங்க. சும்மா விடக் கூடாது." காலையில் சொன்னாள், மத்தியானம் சொன்னாள், பிள்ளைகள் முகம் கழுவும்போது குழாயடியில் நின்றும் சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமை, தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்க எழுந்த சந்தனமாரி அவளை நிமிர்ந்து பார்த்து, "இ" என்றாள். குறும்பு என்று நினைத்து, "நேராச் சொல்லுட்டி" என்று அதட்டினாள். "ஆ" என்றாள் சந்தனமாரி. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் "ஈ" என்று சிரித்தான். அப்போதுதான் பேச்சியம்மாள் பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் கேட்டாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நன்றாகவே எடுத்துக்கொண்டது. தாய்மார் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். "அ, கஞ்சி. ஆ, தோசை. இ, நேத்து வச்ச சோறு. ஈ, பசிக்கல" என்று கேட்டால் பிள்ளை டக்கென்று ஓர் எழுத்தைச் சொல்லிவிடும், அழுகை இல்லை, அடம் இல்லை. அந்தோணி கடையில் பிள்ளைகளுக்கென்று நான்கே நான்கு மிட்டாய் பாட்டில்களை முன்னால் வைத்தான், மற்றதெல்லாம் மேல்தட்டில் பூசணம் பிடித்தது. முடி வெட்டுகிற சண்முகம் நான்கு தலைகளின் படத்தைச் சுவரில் ஒட்டினான். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார், பொய், திருட்டு, கோபம், கீழ்ப்படியாமை என்று நான்கு பாவங்களை வரிசையாகச் சொல்ல, பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தேர்ந்துகொண்டு, செய்திருக்கிறார்களோ இல்லையோ, அதற்கான ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதையும் மனசுக்குள்தான் சொல்ல முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன்' என்று சொல்ல ஒரு பிள்ளைக்கும் உ இல்லை. அதனால் அ என்றால் வந்திருக்கிறேன், ஆ என்றால் வரவில்லை என்று வைத்துக்கொண்டார்கள். வாய் குழறி ஆ என்று சொன்ன ஒரு பையனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது ஆப்சென்ட் போட்டார்கள், அவனும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். உப்பில் பிறந்து உப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உப்பு என்று சொல்லவும் வரவில்லை, எழுதவும் வரவில்லை. முழுசாக அவர்களுக்குச் சொல்ல முடிந்ததெல்லாம் ஈதான், சோற்றில் ஈ உட்கார்ந்தால் நூற்றுப் பதினான்கு பிள்ளைகளும் ஒன்றாக "ஈ! ஈ!" என்று கத்தும், அத்தனை ஆசையாக. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், "நாலெழுத்து படிச்சாப் போதும்னு நாமதான கேட்டோம், கணக்கா நாலக் குடுத்துட்டாங்க" என்று சிரித்தார்கள். மெல்ல மெல்லப் பெரியவர்களும் ஒருவருக்கொருவர் நான்காகவே கேட்க ஆரம்பித்தார்கள். அது சுலபமாக இருந்தது.

மார்கழியில் பள்ளி மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தது. தனிஸ்லாஸ் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மற்ற ஊர் ஆசிரியர்கள் வேனில் வந்து இறங்கி, வெற்றிக்குக் காரணம் என்ன என்று நான்கு விடைகளோடு கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பேச்சியம்மாளைப் பாராட்டியவர்கள் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாராட்ட வாய் வந்திருக்காது. பத்தொன்பது வருஷம் இரைந்த வகுப்பில் நான்கு எழுத்துகள் மட்டும் கேட்கிற அந்த அமைதியில் அவள் தினமும் ஆறு மணி நேரம் நின்றாள், நின்று நின்று, வீட்டுக்குப் போனதும் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்து, பையில் ஒரு முகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். மத்தியானம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், வருகிற பிள்ளைகள் வரட்டும் என்று உட்கார்ந்து, உதட்டைக் காட்டி உதட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். அ என்று தொடங்கிய பிள்ளை ம் என்று உதட்டை மூடும், திறந்தால் மறுபடி அ. ஒருவருக்கும் அம்மா வரவில்லை. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள், சந்தனமாரி மட்டும் நிற்கவில்லை. அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான்குக்கு அடுத்த எழுத்து உதானே என்று அதையே பிடித்தாள். உதட்டைக் குவித்தாள், ஊதினாள், ஒரு மாதம் வெறும் காற்று வந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் அந்தக் காற்றின் அடியில் ஒரு சத்தம், கொசுவின் சத்தம் அளவுக்கு, வந்துபோனது. இரண்டு பேரும் கேட்டார்கள். சந்தனமாரி கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்னும் பத்து நாள் கிடைத்திருந்தால் வந்திருக்கும். மறுநாளே, ஆண்டிறுதிப் பெரிய அளவீடு முடியும்வரை பாடவேளைக்கு வெளியே அனுமதியில்லாத பயிற்சி எதுவும் கூடாது என்று தாள் வந்தது. தனிஸ்லாஸ் சார் அதை அவளிடம் நீட்டினார். "ஒரே மாசம் டீச்சர். அப்புறம் நீங்க என்ன வேணாலும் செய்யுங்க. நான் கேக்க மாட்டேன்." பேச்சியம்மாள் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள், சந்தனமாரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய அளவீடு பங்குனியில் வந்தது. வெளியூரிலிருந்து ஓர் அலுவலர் வந்திருந்தார், சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர், கழுத்தில் அட்டை தொங்கியது. நாற்பது கேள்வி, ஒன்றரை மணி நேரம், இடையில் எந்தப் பிள்ளையும் வெளியே போகக் கூடாது, ஆசிரியர் பேசக் கூடாது. சந்தனமாரி அன்று தாமதமாக வந்தாள். உப்பு வாரும் காலத்தில் பூரணம் அளத்துக் கொட்டகையிலேயே தங்குவாள், மகளும் கூடப் படுப்பாள். விடியும்போது சந்தனமாரியின் பின்கழுத்தில், முடிக்குள், எதுவோ சுருக்கென்றது. வலியில்லை. கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான், கொசு கடித்த அளவுக்கு ஒரு புள்ளி இருக்கும், அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளுக்கு எழுத்து இருக்கவில்லை. தாய் காலையில் கேட்ட நான்கும் சாப்பாட்டைப் பற்றியவை.

மணி பத்தரை இருக்கும்போது பேச்சியம்மாள் அவளைக் கவனித்தாள். இமை பாதி இறங்கியிருந்தது, பின்கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அலுவலர் தலையைத் தூக்குவதற்குள் பேச்சியம்மாள் பெஞ்சருகே குனிந்துவிட்டாள். "ஒடம்புக்கு என்ன செய்யி? அ, தலவலி. ஆ, வயித்துவலி. இ, தூக்கம். ஈ, பயம்."

சந்தனமாரி தலையை இல்லை என்று ஆட்டினாள்.

எட்டு மாதமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் அப்படித் தலையாட்டியதில்லை. பேச்சியம்மாள் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கத்தான் போனாள். ஆனால் அலுவலர் "மேடம்" என்றார், தனிஸ்லாஸ் சார் ஜன்னலுக்கு வெளியே வேர்த்து நின்றார், ஒரு வருஷமாக நாக்கில் உட்கார்ந்திருந்த சொல் அவள் கேட்காமலே வெளியே வந்தது. "சும்மா விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேம்லா. ஒண்ணச் சொல்லுட்டி."

சந்தனமாரி அவளைப் பார்த்தாள். டீச்சர் கேட்கிறாளே என்று, "ஈ" என்றாள்.

"பயமா? பயப்படாத. எழுது கண்ணு, முடிஞ்சுரும்" என்று முதுகைத் தட்டிவிட்டு பேச்சியம்மாள் தன் இடத்துக்குப் போனாள். சந்தனமாரி எழுதினாள். பதினொன்றரைக்கு மணியடித்தபோது நாற்பது வட்டமும் கறுப்பாக இருந்தது, தலை பெஞ்சில் கிடந்தது. தனிஸ்லாஸ் சார்தான் தூக்கிக்கொண்டு ஓடினார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் நான்கு நோய்களைச் சொல்லிக் கேட்டாள், அதற்குள் பிள்ளைக்கு ஓர் எழுத்தும் வரவில்லை. முடியை விலக்கிப் பார்த்த டாக்டர் மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பாதி வழியில், வெயில் கொளுத்துகிற இரண்டே முக்கால் மணிக்கு, அவள் போய்விட்டாள். பூரணம் உப்பு ஒட்டிய காலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முடிவு ஐந்தாம் நாள் வந்தது. கருவேலந்துறை முதலிடம். சந்தனமாரி நாற்பதுக்கு நாற்பது. விடைத்தாளைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தனிஸ்லாஸ் சார் கேட்டதற்கு, தேர்வு முடியும்வரை மாணவி இருந்தபடியால் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. தேர்வு நேரத்தில் மாணவியிடம் பேசியதற்காகப் பேச்சியம்மாளுக்கு மூன்றாவது மெமோ வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் முதல்தடவையாகச் சம்மதித்துத் தலையாட்டினாள். பேசியிருக்கக் கூடாதுதான்.

எட்டாம் நாள் பூரணம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் நின்று, ஊர் கேட்கிற மாதிரியே அவளும் கேட்டாள். "ஒண்ணு கேக்கணும் டீச்சர். அன்னைக்கு எம் பிள்ள, அ, வரும்போதே சொகமில்லாம இருந்தாளா. ஆ, எங்கிட்ட சொல்லாதத ஒங்ககிட்டச் சொன்னாளா. இ, திடீர்னுதான் விழுந்தாளா. ஈ, ஒங்களுக்கும் தெரியாதா."

அ என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யில்லை. ஈ என்றும் சொல்லியிருக்கலாம், யாரும் மறுத்துக் கேட்டிருக்கப் போவதில்லை. பேச்சியம்மாள் படியில் இறங்கி, பூரணத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்டேன் பூரணம். நாலு சொல்லிக் கேட்டேன். நாலும் இல்லன்னு தலைய ஆட்டினா. நாந்தான் விடல. ஒண்ணச் சொல்லியே ஆவணும்னு அதட்டினேன். எனக்காகத்தான் பயம்னு சொன்னா. பயமில்ல அவளுக்கு. ஒருதடவ மட்டும், என்னட்டி, என்ன ஆச்சுன்னு சும்மாக் கேட்டுட்டு நின்னிருந்தா, அவ எங் கையப் புடிச்சுத் தங் கழுத்துல வச்சிருப்பா. நான் நிக்கல. எம் புத்தியில அந்தக் கேள்வியே வரல."

பூரணம் அசையாமல் கேட்டாள். வகுப்பில் முப்பது பிள்ளைகளும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இப்படி நேராகச் சொல்லப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது ஊருக்கே மறந்துபோய் ரொம்ப நாளாகியிருந்தது, பூரணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். பிறகு, வேறு வழி தெரியாமல், விரலை மடக்கினாள்.

"நான் இப்ப என்ன செய்யட்டும் டீச்சர்? அ, வாய்க்கு வந்தபடி ஏசட்டுமா. ஆ, அடிக்கட்டுமா. இ, ஆபீசுல போயி ஒங்க மேல எழுதிக் குடுக்கட்டுமா. ஈ, போனது போயிட்டுன்னு வீட்டுக்குப் போவட்டுமா."

அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

பேச்சியம்மாளின் அடிவயிற்றிலிருந்து "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா பதிலா என்று அவளுக்கே தெரியாது. பூரணம் பதிலென்றே எடுத்துக்கொண்டாள். குனிந்து, வெடித்த வலது கையை ஓங்கினாள், பேச்சியம்மாள் கன்னத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றிருந்தது.

"வர மாட்டேங்குது டீச்சர்" என்றாள் பூரணம். "வேற ஒண்ணச் சொல்லுங்க."